நாற்பது மீட்டரில் தேய்ந்த சுவிட்ச்

2 நவம்பர் 2024

சாரின் ஹாம் ரேடியோ செட் இன்று என் வீட்டுக்கு வந்துவிட்டது. யாயேசு எஃப்டி-101இ, கேட்கவும் பேசவும் ஆகிற செட், 1970களின் ஜப்பான் தயாரிப்பு. அவர் போனபின் மூன்று வருடமாக மயிலாப்பூர் வீட்டில் உறை போட்டபடியே இருந்திருக்கிறது. "நீதான்பா இதைப் பாத்துக்கணும்" என்று சொல்லி மாமி கொடுத்தனுப்பினார்.

இதில் வால்வு மூன்றுதான். மூன்றும் ஒலிபரப்புக்கு: சிக்னலை ஏற்றிக் கொடுக்கும் டிரைவருக்கு ஒன்று, ஏரியலுக்குத் தள்ளும் கடைசிக் கட்டமான ஃபைனலுக்கு இரண்டு. மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். பார்த்தேன். 20 மீட்டர் அலைவரிசை நன்றாகக் கேட்கிறது. 40-க்குத் திருப்பினால் சத்தமே இல்லை. குமிழை மயிரிழை அசைத்தால் உயிர் வருகிறது, கையை எடுத்தால் போய்விடுகிறது. வால்யூமைத் திருப்பினால் அப்பளத்தை நொறுக்குவது போலக் கரகரப்பு.

3 நவம்பர்

ஃபைனல் வால்வுகளுக்கு 600 வோல்ட் போகிற செட் இது. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று ஒரு காபி குடித்து முடித்து, அப்புறமும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன்.

அலைவரிசையை மாற்றும் பாண்ட் சுவிட்ச் என்பது ஒரே தண்டில் கோத்த வட்டத் தட்டுகள். தட்டைச் சுற்றிலும் வெள்ளி முலாம் பூசிய சின்னச் சின்னக் கவ்விகள். பெட்டியில் கிடந்த கொலுசு மாதிரி எல்லாம் கறுத்திருந்தன. டார்ச்சும் லென்சுமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 40 மீட்டருக்கான கவ்வி மட்டும் தளர்ந்திருந்தது. முனையில் முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. சார் எங்கே சுற்றினாலும் காலையில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது இந்த 40 மீட்டருக்கு, வந்துவிடுவார். அத்தனை வருடம் வந்து போன தடம் அது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. யாரோ எப்போதோ ஸ்ப்ரேயை வாரி அடித்திருக்கிறார்கள். தட்டின் பழுப்பு அட்டை எண்ணெயைக் குடித்து, அதன்மேல் தூசி அப்பிக் கிடக்கிறது. அந்த அழுக்கு வழியே மின்சாரம் கசியும். ஃபைனல் பக்கத்துத் தட்டில் என்றால் கருகியே போகலாம்.

9 நவம்பர்

முழு நாளும் இதற்கே போனது. முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பழைய எண்ணெயை எடுத்தேன். பதினேழு குச்சிகள் கறுப்பாயின. நன்றாகக் காய்ந்தபின் கான்டாக்ட் கிளீனர். அதை மூடியில் ஒரு சொட்டு விட்டு, பல் குத்தும் குச்சி நுனியால் கவ்விக்கு மட்டும் வைத்தேன். குமிழை முப்பது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சுற்றினேன். பிறகு மிச்சத்தைத் துடைத்தேன்.

வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்போம். இங்கே அது கூடாது, உப்புத்தாளும் கூடாது. முலாம் மிக மெல்லியது, போனால் திரும்ப வராது.

தளர்ந்த கவ்வியை ஊசியால் துளியூண்டு உள்பக்கம் அழுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. ஒடிந்தால் மாற்றுக்கு எங்கே போவது?

10 நவம்பர்

வால்யூம் கண்ட்ரோல். அழுக்குதான் என்று முடிவு கட்டிக் கிளீனரைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன்னால் வோல்ட் மீட்டரை வைத்தேன். கண்ட்ரோலின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 0.4 வோல்ட் டிசி (நேர்மின்சாரம்). அங்கே டிசியே இருக்கக் கூடாது. ஒலியை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. டிசி ஓடினால், புத்தம் புதிய கண்ட்ரோலும் கரகரக்கும். கண்டென்சரை மாற்றியதும் பாதிச் சத்தம் போயிற்று. மீதி, கண்ட்ரோலுக்குள் இருக்கும் கார்பன் தடத்தின் தேய்மானம். கரைந்த கார்பனை எந்தக் கிளீனரும் திருப்பித் தராது.

16 நவம்பர்

மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு. வால்யூமான ஏஎஃப் கெயினும், வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயினும் ஒரே அச்சில், உள்ளே ஒரு தண்டு வெளியே ஒரு தண்டு. பழையதைக் காட்டி, "அண்ணே, இது மாதிரி இருக்கா?" என்று ஆறு கடையில் கேட்டேன். "இதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்." ஒருவர் லீனியரில் (சுற்றுக்குச் சரிசமமாக மாறுவது) ஒன்றை எடுத்து நீட்டினார். பழையதன் முதுகில் இருப்பது ஏ. ஜப்பான் வழக்கில் ஏ என்றால் லாக் (காதுக்கு ஏற்ப முதலில் மெல்ல ஏறுவது), பி என்றால் லீனியர். லீனியர் போட்டால் கால் சுற்றிலேயே அலறும். வாங்காமல் வந்துவிட்டேன். பழையதையே திரும்ப மாட்டி, கண்ட்ரோல்களுக்கான மசகு, ஃபேடர் லூப், ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். குமிழ் கடிகாரத்தின் ஒன்பது மணி நிலையில் இருக்கும்போது மட்டும் லேசாக முனகுகிறது. உதிரிக்காக உடைந்த செட் ஒன்று கிடைக்கும்வரை இப்படியே இருக்கட்டும்.

கேட்பதற்கும் பேசுவதற்கும் மாற்றிவிடும் ரிலேயின் முனைகளுக்கு வெள்ளைத்தாள் நறுக்கை ஆல்கஹாலில் நனைத்து, நடுவே விட்டு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் தாள் வெள்ளையாகவே வந்தது.

17 நவம்பர்

காலை ஆறு மணி. ஹீட்டர் போட்டு, வால்வு சூடாகக் காத்திருந்து, 40-க்குத் திருப்பினேன். நான் அழைத்ததும் மதுரையிலிருந்து ஒருவர் ஐந்து-ஒன்பது கொடுத்தார், அதாவது தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்று. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குமிழை 80-க்குத் திருப்பி, மறுபடி 40-க்கு வந்தேன். குமிழிலிருந்து கையையும் எடுத்தேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

மாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன்.