கிழட்டுக் குதிரைக்கு ஒரு சவுக்கடி

பரணில் கிடந்த இன்டெல் க்யூ6600-ஐ இறக்கினேன். 2007-இல் வந்த கம்ப்யூட்டர் பிராசஸர் சிப். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) சிப்பின் வேகத்துக்கு அடிப்படையான பஸ் வேகத்தை 266 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333 ஆக்கினால் போதும், 2.4 கிகாஹெர்ட்ஸ் 3.0 ஆகிவிடும். காசில்லாமல் கால் பங்கு கூடுதல்!

ஆசை விடுமா? 378 வைத்து 3.4-க்குத் தள்ளினேன், வோல்டேஜையும் ஏற்றினேன். வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலே சூடு அதன் வர்க்கக் கணக்கில் ஏறும் என்று தெரியும். தெரிந்து என்ன?

இருபதாவது நிமிடம் கம்ப்யூட்டர் படுத்து நீலத்திரை. திறந்து பார்த்தால், சிப் பக்கத்தில் மின்சாரத்தைச் சீராக்கும் இரண்டு கெபாசிட்டர்களின் தலை பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. சிப்புக்கு ஒன்றுமில்லை, வயசான மதர்போர்டுதான் பாவம். சால்டரிங் செய்து மாற்றினேன், அப்புறம் சிப்பின் சூட்டைக் கடத்தப் புது தெர்மல் பேஸ்ட்.

இப்போது 3.0-இல் சமத்தாக ஓடுகிறது. ஃபேன் சத்தம் கேட்டு, “மிக்ஸியா ஓடுது?” என்கிறார் அம்மா.