புனாக்கனில் நகத்தளவு உயிர்களைத் தேடி

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், மனாடோவிலிருந்து படகேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் புனாக்கன் வந்துவிடும். 1991 முதல் இது தேசியக் கடல் பூங்கா. வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆமையைத்தான். ஆமைகள் நிறையவே இருக்கின்றன, சரி. நான் போனது நகத்தளவு உயிர்களுக்காக.

ஆழமில்லாத பவள மேட்டிலேயே வேடிக்கை தொடங்கிவிடுகிறது. பவளத்துக்குள் குழாய் கட்டி வாழும் கிறிஸ்துமஸ் மரப் புழுக்கள் நீலமும் மஞ்சளுமாக இரட்டைச் சுருள்களை நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்கும் இரை பிடிக்கவும் அந்தச் சுருள்கள்தான். நம் நிழல் விழுந்தாலே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பக்கத்து மணல் திட்டில் கோபி மீனும் ஒரு இறாலும் ஒரே வளையில் குடியிருந்தன. இறாலுக்குப் பார்வை மங்கல். மணலை அள்ளிக் கொட்ட வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசை மீன்மேல் பட்டபடியே இருக்கிறது. வாட்ச்மேன் தோளைத் தொட்டுக்கொண்டு வேலை பார்க்கிற கொத்தனார் மாதிரி. மீன் வாலை ஓர் உதறு உதறினால் இரண்டும் உள்ளே.

அப்புறம் சுவர். புனாக்கனில் பவளப்பாறை திடீரென்று செங்குத்தாக இறங்கும். தட்டைத் துண்டுகள் கோத்தது போன்ற ஹலிமெடா பாசிக்கொத்து ஒன்றை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். பாசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடியை நீட்டினார். வெண்மையாக ஒரு துணுக்கு அசைந்தது. பிறகு மூக்கு, வளைந்த வால். பொன்தோ குட்டிக் கடல்குதிரை! முழு வளர்ச்சியிலும் 2 சென்டிமீட்டரைத் தொடாது. 2008-ல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதை ஆய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்த ஹென்சே பொன்தோ இந்தப் பகுதி டைவிங் வழிகாட்டி; பெயரும் அவருடையதே. கண்டுபிடித்தவருக்கே பெயர் போய்ச் சேர்ந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். பெரிய கடல்குதிரைகளைப் போல இதிலும் ஆண்தான் குஞ்சு சுமக்கும். ஆனால் பை வாலடியில் இல்லை, உடம்புப் பகுதியிலேயே இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று. நீரோட்டம் வலுத்தால் சுவரோரம் ஒரே இடத்தில் நிற்க முடியாது, பவளத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. ஓட்டம் அடங்கிய நேரத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஆமை பார்க்க வந்த குழுவோடு சேராதீர்கள். அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.