கோத்தகிரித் தோட்டத்தில் செலரியும் செலரியாக்கும்

செலரியும் செலரியாக்கும் ஒரே தாவர இனத்தின் இரு வகைகள். முன்னதில் தண்டையும், பின்னதில் மண்ணையொட்டிப் பருக்கும் கிழங்கையும் உண்கிறோம். கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னுள்ள சரிவில் இரண்டையும் வளர்த்து வருகிறேன்.

கடுகைவிடச் சிறிய இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால், அதை மண்ணால் மூடாமல் ஈரமான மட்கு எருவின் மேல் தூவி, விரலால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். முதல் ஆண்டில் அரை அங்குல ஆழத்தில் புதைத்துவிட்டு ஒரு மாதம் வீணாகக் காத்திருந்தேன். முளைக்க இரண்டு மூன்று வாரங்களும், நாற்று நடவுக்குத் தயாராக மேலும் இரண்டு மாதங்களும் ஆகின்றன.

இவை சதுப்பு நிலத்துச் செடிகள். மண் காய்ந்தால் தண்டு நாரேறிக் கசந்துவிடுகிறது; ஆகவே மழையற்ற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாள்தோறும் நீர் ஊற்றி, காய்ந்த புல்லை மூடாக்காக இடுகிறேன். இளநாற்றுகள் பல நாட்கள் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் நின்றால் பின்னர் பருவத்துக்கு முன்பே பூத்துவிடும். எனவே உறைபனிக் காலத்தில் நாற்றுத்தட்டுகளை இரவில் வீட்டுக்குள் வைக்கிறேன்.

செலரியாக் விளைய நட்டபின் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். சென்ற வாரம் பிடுங்கிய கிழங்கின் வேர் முடிச்சுகளுக்கிடையே செம்மண் அப்பியிருந்தது; தோலைத் தடிப்பாகச் சீவியதும் வெண்ணிறச் சதையும் செலரி மணமும் வெளிப்பட்டன. காற்றுப் பட்டால் பழுப்பேறும் என்பதால், நறுக்கிய துண்டுகளை உடனே எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டுவைத்தேன்.