கான்கான் குறிப்புகள்

ஏப்ரல் 2

மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டுக் கான்கானில் காமாலையோடு கிடக்கிறேன். ரத்தத்தில் பித்த மஞ்சள், அதாவது பிலிரூபின் 12. மூன்று வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாதாம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது சுத்தப் பொய். எனக்கு எல்லாம் பழைய நிறத்தில்தான் தெரிகிறது. என்னைப் பார்க்கிறவர்களுக்குத்தான் மஞ்சள்.

ஏப்ரல் 3

ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மாங்காய் விழுந்துகொண்டே இருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஏப்ரல் 5

வாட்ச்மேன் என்றுதான் மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மனையில் எல்லாரும் அவரைக் கரமோ என்கிறார்கள். கரமோ என்றால் ஆசிரியர். எட்டு மணிக்கு மாமரத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைக்கிறார், சோலார் விளக்கு ஒன்று. சந்தையில் வெங்காயம் விற்கும் பெண்கள், பைக் டாக்ஸி ஓட்டும் பையன்கள், ஒரு கிழவர். என் ஜன்னலிலிருந்து பலகையில் பாதி தெரியும். வலமிருந்து இடம் போகிறது எழுத்து. அரபி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அரபி இல்லை, ன்கோ.

மருந்து கோடவுனுக்கு ஒரு மனிதர் மூன்று வருடமாகக் காவல் இருக்கிறார், அவர் என்ன எழுதுகிறார் என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை நான்.

ஏப்ரல் 6

கஞ்சி. வாந்தி. கஞ்சி.

ஏப்ரல் 8

சிலேட்டு கொடுத்திருக்கிறார். உயிர் 7, மெய் 19, இரண்டிலும் சேராமல் ஒரு மூக்கொலி. ஆக 27. அந்த ஒன்றைப் பார்த்ததும் ஆய்தம் ஞாபகம் வந்தது, தனிநிலை. ‘ன்கோ’ என்ற பெயரே அதில்தான் தொடங்குகிறது. மெய் மொழிக்கு முதலில் வராது என்று பிரம்போடு சொல்லிக்கொடுத்த எங்கள் தமிழ் ஐயாவுக்கு இதைக் காட்ட வேண்டும்.

பொருள்: நான் சொல்கிறேன். இந்தப் பக்கத்து மொழிகளான மனிங்கா, பம்பாரா, ஜூலா எதில் பேசினாலும் அந்தச் சொல் அதேதானாம்.

உயிரெழுத்தின் தலைக்கு மேல் சுருதிக் குறி. அது தப்பினால் பொருள் தப்பும். ‘ஸோ’ ஒரு சுருதியில் வீடு, இன்னொரு சுருதியில் குதிரை. ஆபீஸ் போனில் வாக்கியத்துக்கு ஒரு ஸோ போடுகிறவன் நான். இத்தனை நாளில் எத்தனை குதிரையை அவிழ்த்து விட்டேனோ.

ஏப்ரல் 9

அம்மா போன். “கீழாநெல்லி கெடைக்குமாப்பா அங்கன?”

ஏப்ரல் 10

தூக்கமே இல்லை. இதை எழுதிவிட வேண்டும்.

நேற்று எண்கள் படித்தேன். சாயங்காலம் பார்த்தால் என் அறைக் கதவில் சாக்பீஸால் தேதி போட்டு ஒரு கணக்கு. என் பிலிரூபினை எழுதி வைத்திருக்கிறார். கடைசி எண் இரண்டு, ஒன்று. 21. என்னிடம் 12 என்றார்கள். டாக்டரும் டிரைவரும் இவரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். 21 என்றால் ஈரல் போச்சு. சென்னையில் யாருக்கு முதலில் சொல்வது, எல்ஐசி பாலிசி எந்த பீரோவில், யாழினியின் ஸ்கூல் பீஸ் ஜூனில் கட்ட வேண்டுமே, எல்லாம் ஓடியது. விடியற்காலை மூன்றரைக்குக் கதவைத் திறந்து அவரை எழுப்பினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். என் கையைப் பிடித்து வலது பக்க எண்ணின் மேல் வைத்தார். ஒன்று. இடப்பக்கம் இழுத்தார். இரண்டு.

எழுத்து போகிற பக்கமே எண்ணும் போகிறது. அரபியில்கூட எண் அப்படிப் போகாது. பன்னிரண்டுதான் ஐயா, தூங்குங்கள் என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஏப்ரல் 11

பிலிரூபின் 8. கதவில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 12

இந்த எழுத்தைச் செய்தவர் ஸொலோமானா காந்தே, இந்தக் கான்கான் பக்கத்து ஊர்க்காரர். 1940களில் ஐவரி கோஸ்ட்டில் இருந்தபோது, ஒரு லெபனான் பத்திரிகையாளர் எழுதியது கண்ணில் பட்டது. ஆப்பிரிக்க மொழிகள் பறவைச் சத்தம் மாதிரி, அவற்றை எழுதவே முடியாது என்று. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் அரபி எழுத்தில் முயன்றார், பிறகு லத்தீனில். சுருதி இரண்டிலும் உட்காரவில்லை. சொந்தமாகவே செய்துவிடுவது என்று இறங்கினார். எந்தப் பக்கமிருந்து எழுதுவது? பள்ளிக்கூடம் போகாதவர்களைக் கூப்பிட்டு மண்ணில் கோடு கிழிக்கச் சொன்னாராம். பெரும்பாலோர் வலமிருந்து இடம் இழுத்தார்களாம். இதைக் கரமோ தரையில் குச்சியால் கிழித்துக் காட்டியே சொன்னார்.

1949இல் எழுத்து ஆயிற்று. அதோடு விடவில்லை. இலக்கணம், அகராதி, வரலாறு, மூலிகை வைத்தியம், குர்ஆன் மொழிபெயர்ப்பு என்று எழுதித் தள்ளினார். 1987இல் தலைநகர் கொனாக்ரியில் போய்ச் சேர்ந்தார். அரசாங்கம் இந்த எழுத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் ஏற்றவில்லை. மாமரத்தடியிலிருந்து மாமரத்தடிக்குப் போயிருக்கிறது, கையால் பிரதி எடுத்து. 2006இல் யூனிகோடில் வந்துவிட்டது. பைக் டாக்ஸி பையன் போனில் ன்கோ தட்டுகிறான்.

பீஸ் கிடையாது. சர்டிபிகேட் கிடையாது. வேலையும் கிடைக்காது. அந்தப் பையனிடம் எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டேன். பாட்டி சொல்வதை எழுதி வைக்க என்றான். வேறு காரணம் வேண்டுமா என்கிற மாதிரி பார்த்தான்.

ஏப்ரல் 13

யாழினிக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. மார்க் வரும் என்று நான்தான் சொன்னேன். அப்பாவே பிரெஞ்சு பேசுகிற ஊரில் இருக்கிறேனே என்று பெருமை வேறு.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி இல்லை, கசப்புக்கு மாத்திரை இருக்கிறது.

பக்கத்து மனையில் ஒரே கூட்டம். காந்தே எழுத்தை முடித்தது ஏப்ரல் 14ஆம் தேதியாம், அவர்களுக்கும் இன்று விசேஷம். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெங்காயக்காரம்மா ஒருத்தர் எழுந்து நோட்டைப் பார்த்து வாசித்தார், விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக. நடுவில் தப்பிவிட்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே திரும்பப் போய், அந்தச் சொல்லின் வலது ஓரத்தில் விரலை வைத்து, மறுபடி வாசித்தார்.

ஏப்ரல் 16

கீழாநெல்லி கிடைத்தது! கோடவுன் பின்னால் களையாகவே மண்டிக் கிடக்கிறது. கரமோ தன் மூலிகை நோட்டைப் புரட்டிப் பார்த்து, காமாலைக்கு இதுதான் என்றார். அம்மாவும் அவரும் ஒரே கட்சி. டாக்டர் எதையும் குடிக்காதே என்கிறார். டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். குடிக்கவில்லை. தூக்கிப் போடவும் மனசில்லை.

ஏப்ரல் 17

பள்ளிக்கூடத்தில் கரமோ முதலில் மனிங்காவில்தான் படித்தாராம், லத்தீன் எழுத்தில். செக்கு தூரே ஜனாதிபதியாக இருந்த காலம். 1984இல் அவர் செத்ததும் மறுபடி எல்லாம் பிரெஞ்சு. வகுப்பில் உட்கார்ந்தேன், வாத்தியார் வாய் அசைந்தது, அவ்வளவுதான் என்றார். பத்து வயது. அந்த வருடத்தோடு நின்றுவிட்டார். ன்கோ படித்தபோது இருபத்தாறு.

ஏப்ரல் 20

பிலிரூபின் 5.

மகள் பெயரை எழுதித் தரச் சொன்னேன். ழகரத்தில் மாட்டிக்கொண்டார். என் வாயையே பார்த்து நாலைந்து தடவை சொல்லச் சொன்னார், கடைசியில் லகரம் போட்டு முடித்தார். உங்கள் எழுத்தில் எப்படி இருக்கும் என்றார். எழுதிக் காட்டினேன். ‘ழி’யைச் சிலேட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். பிறகு, வீடியோவில் கூப்பிடுங்கள், பிள்ளை தன் கையால் எழுதிக் காட்டட்டும், வகுப்புக்கே காட்டுவோம் என்றார்.

நெட்வொர்க் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 21

வாய்ஸ் மெசேஜ்: “அப்பா, ஃப்ரெஞ்ச்ல நைன்ட்டி செவன்!” நெட்வொர்க் அருமையாக இருக்கிறது.

ஏப்ரல் 23

பிலிரூபின் 3. கதவில் போட்டுவிட்டு, இதை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் பயமில்லை என்றார்.

விடிகாலை நாலு மணிக்கு வண்டி. கொனாக்ரிக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். சிலேட்டைப் பெட்டியில் வைத்தால் உடையும், மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அவர் எழுதியது, மறுபக்கம் நான் எழுதியது. பழந்துணி ஏதாவது சுற்றி