ஆட்டோகேட் பாதியில் நிற்கிறதா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கோலாலம்பூர் தாமான்களில் (குடியிருப்புகளில்) மோட்டாரால் ஓடும் ஆட்டோகேட் மூட மறுத்தால், 'போர்டு போச்சு' என்ற பேச்சுதான் முதலில் வரும். போர்டு என்பது மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகை. போர்டு விலை அதிகம். அதனால் கடைசியாகத்தான் அதன்மேல் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் சுவிட்சை அணைத்து, சாவி போட்டு மோட்டாரை விடுவித்துவிட்டு, கேட்டைக் கையால் தள்ளுங்கள். ஒரு கையால் தள்ளினாலே சீராக ஓட வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் கோளாறு கேட்டில்தான், மோட்டாரில் இல்லை. தள்ளு கேட்டாக இருந்தால் தண்டவாளத்தில் மண், சிறு கல், காய்ந்த இலை கிடக்கும், கூட்டிவிட்டால் போதும். தண்டவாளத்தில் கிரீஸ் தடவவே கூடாது, மண் ஒட்டிக் கெட்டியாகிவிடும். ரோலர் தேய்ந்துவிட்டால் கேட் கீழே இறங்கி, கேட்டின் அடியில் இருக்கும் பல் பட்டை மோட்டாரின் பல்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. அது இல்லாவிட்டால் கேட்டின் எடையை மோட்டார் சுமக்கும். போர்டு அதைத் தடங்கல் என்று எடுத்துக்கொண்டு கேட்டை நிறுத்திவிடும், அல்லது திருப்பித் திறக்கும்.

கேட் கையால் நன்றாக ஓடுகிறதா? ரிமோட்டை அழுத்தினால் திறக்கிறது, ஆனால் மூட மறுக்கிறதா? அப்படியானால் இரு தூண்களிலும் எதிரெதிரே இருக்கும் சென்சரைப் பாருங்கள். கதிர் தடைபட்டாலும், வயர் அறுந்தாலும், கேட் மூடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு, அப்படித்தான் இணைத்திருப்பார்கள். கண்ணாடியைத் துடைத்து, சிலந்தி வலையையும் எறும்புக் கூட்டையும் நீக்குங்கள். கையைக் குறுக்கே நீட்டினால் உள்ளே 'டிக்' என்று ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) சத்தம் கேட்க வேண்டும். மாலையில் மட்டும் தகராறு செய்தால், மேற்கு வெயில் கதிரை வாங்கும் பக்கத்தின்மேல் நேராக விழுகிறது என்று பொருள். அனுப்பும் பக்கத்தையும் வாங்கும் பக்கத்தையும் இடம் மாற்றிப் பொருத்தினால் சரியாகும். சோதனைக்காக சென்சரைத் தவிர்த்து, போர்டில் அதன் சிக்னல் முனைகளை ஒயரால் நேராக இணைத்துப் பார்க்கலாம், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். வாசலில் குழந்தைகள் ஓடுவார்கள்.

கேட் மெதுவாக ஊர்ந்து வந்து நடுவில் நின்றால் கோளாறு பேட்டரியில். பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர். கேட் ஓடும்போது மீட்டரில் அளந்து பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். சும்மா நிற்கும்போது 12.6 காட்டுவதை நம்பாதீர்கள், செத்த பேட்டரியும் அப்படிக் காட்டும். நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கினால் நல்லது. 24 வோல்ட் மோட்டாரில் பேட்டரி இரண்டு இருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைசி ஓரிரு அங்குலம் மட்டும் மூடாவிட்டால் கேட் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் லிமிட் காந்தம் நகர்ந்திருக்கும். சற்றே தள்ளி முடுக்குங்கள். மூடுவதற்காக மோட்டார் தள்ளும் விசையை மாற்றும் 'ஃபோர்ஸ்' திருகை முழுதாகக் கூட்டுவது ஆபத்து. கூட்டினால், மூடும் வழியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துப் பாருங்கள். பெட்டி நசுங்கும் முன் கேட் திரும்ப வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் போர்டுப் பெட்டியைத் திறக்கலாம். மெயின் மின்சார சுவிட்சை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றிய பிறகே உள்ளே கை வையுங்கள். ரிலே அருகே செத்துக் கருகிய பல்லி, எறும்புக் கூடு, இடி விழுந்த கருப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வயர் நுழையும் ஓட்டைகளை சிலிக்கோனால் அடையுங்கள். பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.