சொல்லைக் கேட்டு ஓடும் பிள்ளைகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் வழி எல்.பி. (லோயர் பிரைமரி, அதாவது தொடக்கப் பள்ளி) வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று இரண்டிலும் சரளமாகப் புழங்கும் பிள்ளைகள் இவர்கள். ஆங்கிலம்தான் வகுப்புக்கு வெளியே காதில் விழுவது குறைவு. அதனால் அந்த ஒரு பீரியடில் ஒரு சொல்லை எத்தனை தடவை கேட்கிறார்கள், கேட்டு என்ன செய்கிறார்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்த முறை ஒன்று உண்டு: டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ். ஆசிரியர் கட்டளை சொல்வார், பிள்ளைகள் உடம்பால் பதில் தருவார்கள். பேசச் சொல்லி நெருக்கக் கூடாது. கைக்குழந்தை பேச்சு வருவதற்கு வெகு முன்பே 'இங்க வா' என்றால் தவழ்ந்து வருகிறதே, அந்த இயல்புதான் அடிப்படை. 'ஸ்டேண்ட்', 'ஜம்ப்', 'டச் யுவர் நோஸ்' என்று தொடங்கினால், வாயே திறக்காத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூக்கைத் தொடும். அப்புறம் 'டச் யுவர் இயர்' என்று சொல்லிவிட்டு என் மூக்கைத் தொடுவேன். யார் என் கையைப் பார்த்துச் செய்கிறார்கள், யார் காதால் கேட்டுச் செய்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

சொல் தெரியாமலே ஜெயிக்க முடிகிறதா? எந்த விளையாட்டையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். சுவரில் படங்களை ஒட்டி 'மேங்கோ' என்றதும் ஓடித் தொடச் சொன்னால், முதலில் ஓடும் இரண்டு பேர் பின்னால் மொத்த வகுப்பும் ஓடும். பார்க்க அமர்க்களம்தான். மற்றவர்கள் கற்றது ஒன்றுமில்லை.

குலைகுலையா முந்திரிக்காயை நான் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பலமாக அடிக்கும் ஜூன், ஜூலையில் முற்றத்தில் படத்தாள் நிற்காது. அதனால் கல், குச்சி, இலை, சிரட்டை நான்கும்தான் சாமான். வட்டமாக உட்கார்ந்து, அடுத்தடுத்து இருப்பவர்கள் கையில் வேறு வேறு பொருள். 'லீஃப்' என்றதும் இலைக்காரர்கள் மட்டும் எழுந்து, வட்டத்தை ஒரு சுற்று ஓடி, தங்கள் இடத்துக்கு வர வேண்டும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுந்தால் ஆட்டம் கெட்டுவிடும். கேட்டே ஆக வேண்டும். சுற்று முடிந்ததும் பொருளை வலப்பக்கம் கைமாற்றினால், நாலு சுற்றில் நாலு சொல்லும் எல்லார் கைக்கும் வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் யாராவது, "டீச்சர், இனி நான் சொல்லட்டா?" என்று கேட்பார்கள். அதற்குத்தான் காத்திருப்பேன். கேட்டுப் பழகிய சொல் தானாக வாய்க்கு வரும் நேரம் அது. கூச்சப்படும் பிள்ளைகூட, தான் 'ஸ்டோன்' என்று சொல்லிப் பத்துப் பேர் ஓடுவதைப் பார்த்தால் அடுத்த முறை உரக்கச் சொல்லும்.

எல்லாச் சொல்லும் இப்படி ஓடி வராது. நேற்று, நாளை, நினைப்பது போன்றவற்றுக்குக் கதைதான் சரி. அப்புறம், பீரியடின் கடைசியில் உட்காரவைத்து நாலு சொல்லையும் எழுதவைப்பேன், எழுத்து வடிவம் கண்ணில் பட வேண்டுமே. அடுத்த வாரம் அதே நாலோடு புதிதாக இரண்டு சேரும்.