உண்டியல் குலுங்குகிற சத்தம்

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் மாருதி 800 இன்று ஏழாவது வளைவிலேயே திணற ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் இன்ஜின் ஒரு அளவுக்கு மேல் சுற்றவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து ஒன்பதாவது வளைவைத் தாண்டி ஓரம் கட்டினேன். பத்து நிமிஷம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி விறுவிறுவென்று ஏறியது. நான்கு வளைவு போனதும் மறுபடி அதே திணறல். மேலே போகாமல் திரும்பிவிட்டோம்.

இறங்கும்போது அம்மா, "அடியில யாரோ உண்டியலைக் குலுக்குற மாதிரி இருக்குடா" என்றாள். ஆமாம், ஒரு கலகலப்பு. ரேஸ் கொடுக்கும்போது கூடுகிறது.

1997-ல் அப்பா சென்னையில் வேலையில் இருந்தபோது வாங்கிய வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். அடுத்த வருஷம் மாற்றலாகி சேலம் வந்தபோது கூடவே வந்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. விற்றுவிடு என்று பலரும் சொல்லியாயிற்று. இதை நான் விற்க மாட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஐடிலில் லேசாக மிஸ் ஆகிற மாதிரி ஒரு நடுக்கம் தீபாவளியிலிருந்தே இருந்தது. இன்று இரவு வாசல் விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து வைத்துக் கிளப்பினேன். நடு சிலிண்டருக்குப் போகும் பிளக் ஒயரில் ரப்பர் மயிரிழை அளவுக்கு வெடித்திருக்கிறது. அந்த இடத்திலிருந்து இன்ஜின் உடம்புக்கு ஒரு நீலப் பொறி டிக் டிக்கென்று தாவிக்கொண்டிருந்தது. பகலில் எத்தனை முறை பார்த்தும் இது கண்ணில் படவே இல்லை.

அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேல் என்று ஈரமாக இருந்தது, பெட்ரோல் வாடை. எரியாமலே வெளியே போயிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

ஒயர் செட்டும் பிளக்கும் புதுசு போட்டேன். நடுக்கம் நின்றது. ஆனால் பிக்கப் வரவில்லை. சத்தமும் அப்படியே.

ஒரு பட்டறையில் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரிங் போயிருச்சு சார், இன்ஜின் இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். ஒரு அளவுகூட எடுக்காமல் சொன்ன தீர்ப்பு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் புகை வரும், ஆயில் குறையும். இரண்டும் இல்லை.

அங்கிருந்து நேராக வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். மூன்று பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்த்தார்: 160, 155, 160 psi. "இன்ஜின் தங்கமா இருக்கு தம்பி, இதை எதுக்கு இறக்கணும்?" கிளட்ச் நழுவினால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி வேகம் பிடிக்காது. இங்கே இன்ஜினே அலற மறுக்கிறது, ஆகவே கிளட்ச் இல்லை. பெட்ரோல் ஃபில்டர் மாற்றி கார்புரேட்டர் ஜெட் எல்லாம் ஊதிப் போட்டார். பலன் இல்லை.

வீட்டுக்கு வந்து டேஷ்போர்டில் இருக்கும் அப்பாவின் பெட்ரோல் நோட்டை எடுத்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து நானும் எழுதி வருகிறேன், ஆனால் திருப்பிப் பார்த்ததில்லை. போன ஆடி மாதம் லிட்டருக்கு 17 கிலோமீட்டர். ஐப்பசியில் 15. கடைசி இரண்டு தடவையும் 12.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம், விடுமுறை. அண்ணனிடம் வேக்குவம் கேஜை (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளக்கும் முள் கருவி) இரவல் வாங்கி வந்திருந்தேன். இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஒரு குழாயைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஐடிலில் முள் 18 அங்குலத்தில் ஆடாமல் நின்றது. வால்வும் டைமிங்கும் சரி என்று அதற்கு அர்த்தம்.

அடுத்து ரேஸை உயர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டேன். ஆர்பிஎம் முள் இந்த வண்டியில் கிடையாது, காதுதான் கணக்கு. நல்ல இன்ஜினில் முள் சட்டென்று விழுந்து பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இங்கே திரும்பியது, பிறகு மெதுவாக இறங்கியது. 17, 15, 13... நான் காலை எடுக்கும்போது 11. புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கினால்தான் இப்படி இறங்கும். பழைய புகை போனால்தானே புதுக் காற்று உள்ளே வர முடியும்? முள் இறங்குவதைப் பார்த்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது.

சூடு ஆறியதும் அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டினேன். பின்னால் சைலன்சர் 'தொம்' என்றது. அதற்கு முன்னால் இருக்கும் பானை மாதிரியான உருளையைத் தட்டினேன். கலகல.

அம்மா சொன்ன அதே உண்டியல். சத்தத்தை ஒரு பக்கமும் இழுவையை ஒரு பக்கமும் ஒன்பது நாளாகத் துரத்தியிருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

பிப்ரவரி 12, புதன்

அண்ணனிடம் சொன்னதும், "இந்த மாடலுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரே கிடையாதே தம்பி" என்றார். புகையில் இருக்கும் விஷ வாயுக்களைக் குறைக்கும் அந்த உருளைக்குத்தான் அந்தப் பெயர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்குத்தான் அது கட்டாயமானது. அதற்குத் தேவையான ஈயம் இல்லாத பெட்ரோலும் முதலில் அங்கேதான் வந்தது, நாடு முழுக்க வர 2000 ஆகிவிட்டது. அவர் பார்த்த அந்தக் காலத்து 800 எல்லாம் சேலத்தில் வாங்கியவை. எங்களுடையது சென்னையில் பிறந்தது. ஆர்சி புத்தகத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை கொண்டாங்க" என்றார்.

பிப்ரவரி 15, சனி

நட்டுகள் இருபத்தேழு வருஷத் துரு. முந்தின இரவே எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தும் ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் திருகுக் கம்பி) முறிந்தது. முன் பைப்பை இறக்கிவிட்டு, திறந்த வெளியில் நிறுத்தித்தான் கிளப்பினோம் (மூடிய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்). காது கிழிகிற சத்தம், ஆனால் ரேஸ் தொட்டதும் இன்ஜின் பறக்கிறது.

பானையைக் கவிழ்த்து செய்தித்தாளில் தட்டினோம். பீங்கான் துண்டுகள் சாம்பல் நிறத்தில் கொட்டின. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துண்டு மட்டும் வாயில் சிக்கி நின்றது. அதன் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி பொடிப்பொடிக் கட்டங்கள், மறுபக்கம் உருகிக் கண்ணாடியாக வழவழவென்று இருந்தது. நீலப் பொறி தாவிய அத்தனை மாதமும் எரியாத பெட்ரோல் இங்கே வந்துதான் எரிந்திருக்கிறது.

மலையில் பத்து நிமிஷம் நின்றதும் வண்டி சரியானதற்கும் இப்போது காரணம் புரிந்தது. துண்டு புரண்டு வழி விட்டிருக்கிறது, பிறகு மறுபடி வந்து அடைத்துக்கொண்டது.

"காலிப் பானையாவே வெல்டு வச்சிரலாம், நல்லா இழுக்கும்" என்றார் அண்ணன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். அப்பா காசு கொடுத்து வாங்கியதில் அதுவும் சேர்த்தி, பின்னால் வருகிறவர்களும் மூச்சு விட வேண்டும். புதுசுக்குச் சொல்லியிருக்கிறோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமை புதுப் பானை மாட்டியாயிற்று. இன்று அதே மலை, அதே அம்மா. நேர் ஏற்றத்தில் மூன்றாவது கியர், வளைவுகளில் இரண்டாவது. பன்னிரண்டாவது வளைவில் அம்மா கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்டாள். "ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டாள்.

மேலே ஏரிக்கரையில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். முறிந்த ஸ்டட் மாற்றிய இடத்தில் கேஸ்கெட் ஓரமாக லேசாகக் கரி படிந்திருக்கிறது. நாளைக் காலை, சூடு முழுசாக ஆறியதும், அந்த நட்டுகளை இன்னொரு தடவை இறுக்க வேண்டும்.